தாளம் தப்பாத தவளை

அந்தக் கார்ட்டூனில் ஒரு தவளை கொக்கின் காலைப் பிடித்து வீணை வாசிக்கும். கொக்குக்கு வலிக்காதா என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் நாற்காலி முழங்காலை மடக்கி மடக்கி ஆடும், அடுப்பு ஆடும், நிலா தலையை ஆட்டும். கதை கிடையாது, பேச்சு கிடையாது. இசை ஓடுகிறவரை எல்லாம் ஆடும், இசை நின்றால் படம் முடிந்துவிடும். இதைப் பார்த்துத்தான் என் கணவர் உருகுவார்.

"ஒவ்வொண்ணும் கையால வரைஞ்சது. கம்ப்யூட்டரே கிடையாது. ஒரு இடத்துலயாவது தாளம் தப்புதா பாரு" என்பார். திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை. கோடு சுத்தமாக இருந்தால் அவருக்குப் போதும். அந்தக் கோட்டுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்பது அவர் கவலை இல்லை.

எங்கள் மகளுக்கு இரண்டு வயது. அந்த வயதில் டிவியே காட்டக் கூடாது என்று நான் படித்திருந்தேன். புதுக் கார்ட்டூன்கள்தான் கண் கூசும் வண்ணத்தில் கத்துகின்றன, இது கறுப்பு வெள்ளை, பழசு, அதனால் நல்லது என்று வாதாடினார். பழசு என்றாலே நல்லது என்று நம்புகிறவரிடம் எதைச் சொல்லி ஜெயிப்பது? சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டது சரியா என்று தினமும் மூன்று வேளையும் யோசித்தேன்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் மகள் திரும்ப மாட்டாள். எதிரே போய் நின்றால் சிரிப்பாள். நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச்சும் வரவில்லை. கைலாசபுரத்திலிருந்து வந்த நாத்தனார், "இவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான். இப்ப வாயை மூடச் சொல்லு பாப்போம்" என்று சிரித்துவிட்டுப் போனார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் சுவாமி புறப்பாடு வந்தபோது மேளத்துக்குத் திரும்பினாள்தான். ஆனால் அந்த மேளத்துக்கு எங்கள் ஜன்னல் கண்ணாடியும்தான் அதிர்ந்தது.

"காதுல ஒண்ணும் இல்லம்மா. இங்க வந்து பாரு" என்று ஒருநாள் அவர் கூப்பிட்டார். டிவிக்கு முன்னால் மகள் முழங்காலை மடக்கி ஆடிக்கொண்டிருந்தாள், தவளையின் தாளத்துக்கு அச்சாக.

"காது கேக்காமயா இப்படி ஆடுறா?"

எனக்கும் நெஞ்சு லேசானது. அப்புறம் டிவியைப் பார்த்தேன். நாற்காலி, அடுப்பு, நிலா, எல்லாம் அதே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தன. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுசாக நிறுத்தினேன்.

மகள் நிற்கவில்லை. எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டே இருந்தாள்.

"தினமும் பாக்குறால்ல, மனப்பாடம் ஆயிருக்கும்" என்றார். குரலில் தெம்பு இல்லை.

"அப்ப எதைப் பாருன்னு என்னைக் கூப்பிட்டீங்க?"

டிவியின் மேல் துண்டைப் போட்டு, சத்தத்தை மட்டும் ஓடவிட்டேன். அவள் துண்டை இழுத்துக் கீழே போட்டாள். கேட்கிறதா இல்லையா என்று அதிலும் ஒன்றும் தெரியவில்லை. காதுக்கு உள்ளதையெல்லாம் அந்தப் படம் கண்ணுக்கும் காட்டிவிடுகிறதே, அவர் மெச்சிக்கொண்ட அந்தச் சாமர்த்தியம்தான் எனக்கு வேண்டிய ஒரே பதிலை மறைத்துக்கொண்டு நின்றது. இத்தனை பேர் உட்கார்ந்து இத்தனை படம் வரைந்து, ஒரு தாய்க்கு ஒரு உபயோகமில்லை.

தில்லை நகரில் காது டாக்டரிடம் போனோம். சோதனைகளை முடித்துவிட்டு, "செவிப்பறைக்குப் பின்னால நீர் கட்டியிருக்கு. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு நம்ம பேச்சைக் கேக்குற மாதிரி இருக்கும் குழந்தைக்கு. பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம்" என்றார் அந்த அம்மா.

"கார்ட்டூன் பாட்டுக்கு நல்லா ஆடுறா டாக்டர்" என்றார் என் கணவர், விடாமல்.

"படத்தைப் பாத்து ஆடுதுங்க சார்."

சில மாதம் பார்த்தார்கள், நீர் வற்றவில்லை. சின்னதாக ஒரு அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் தவளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே அது போய்விட்டது.

நான் சமையலறையில் சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். கூடத்தில் அவர் அந்தக் கார்ட்டூனைப் போட்டார், எப்போதும் வைக்கிற சத்தத்தில். அவளுக்காக நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைத்திருந்த சத்தம் அது. தவளை கொக்கின் காலைப் பிடித்ததுமே மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "வேணாம், வேணாம்" என்று அழுதாள்.

அந்தப் படத்தைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட முதல் உருப்படியான கருத்து.

"அதை நிறுத்துங்க" என்றேன், இருந்த இடத்திலிருந்தே. இரண்டு பேரும் திரும்பினார்கள்.