எல்லா அரிசியும் உள்ள வீடு

என் கையெழுத்து சில நேரம் எனக்கே பிடிபடாது. எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். அச்சுக்குக் கொடுக்கும் தம்பி கோபப்படாமல் திருத்திப் போடவும். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். சபை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும், ஆண்டுவிழா மலரில் போடுகிறோம் என்று இப்போதைய பாஸ்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. மற்றவர்கள் கொடுத்துவிட்டார்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் போய் உட்காருகிறவன் நான். ஆனாலும் ஒரே ஒரு தடவை சபையில் சத்தமாகப் பேசியிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது. அதை எழுதுகிறேன்.

தஞ்சாவூர் கீழவாசலில் எங்கள் சந்து. எதிரே ஒரு சைக்கிள் வந்தால் யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நிற்க வேண்டும். அந்தச் சந்தில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒரே அறைதான் அன்றைக்கு எங்கள் சபை. பதினொரு குடும்பங்கள். பதினொன்றும் வெவ்வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவை. நாங்கள் குடவாசல் பக்கம். அங்கே அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். டவுனுக்கு வந்த பிறகு அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார்.

ஊரை விட்டு வந்தாலும், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள், யார் வீட்டில் குடிக்க மாட்டார்கள் என்பதையும் எல்லாரும் துணிமணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் உட்கார்ந்து பாடுவோம். ஜெபம் முடிந்ததும் அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டு அவரவர் வழியில் போவோம். சந்தில் எதிரே பார்த்தால் "ஸ்தோத்திரம்" என்போம். அதோடு சரி.

இது அன்றைய பாஸ்டரின் மனைவிக்கு, எங்கள் பாஸ்டரம்மாவுக்கு, பொறுக்கவில்லை. கைப்பிடி அரிசி என்று ஒன்றை ஆரம்பித்தார். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து, மாடிப்படி ஏறியதும் இருக்கும் தகர டின்னில் போட வேண்டும். சேர்ந்த அரிசி கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகும். எந்த வீடு என்பது பாஸ்டரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். பாஸ்டருக்கே சொல்ல மாட்டார் என்பார்கள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அரிசியைப் பார்த்தாலே வீடு தெரிந்துவிடும். மாயவரத்து அத்தை கொண்டுவருவது சொந்த நிலத்துப் பொன்னி. அவர் வீட்டுக்காரர் வாத்தியார். மயிலாடுதுறைப் பக்கம் அவர்களுக்கு நிலம் இருந்தது. அத்தை யார் வீட்டுப் படியும் ஏற மாட்டார். சபையில் வைத்திருக்கும் பானைத் தண்ணீரைக்கூடத் தொட மாட்டார், வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுவருவார். மீன்காரப் பெரியம்மா பூம்புகார்க்காரர். அறுவடை சமயத்தில் சுற்றுக் கிராமங்களுக்குக் கூடையோடு போய், மீனைக் கொடுத்து அரிசி வாங்கி வருவார். அதனால் அவர் டின்னில் போடுவது ஒரு வாரம் குண்டரிசி, ஒரு வாரம் சிவப்பரிசி. எங்கள் வீட்டில் ரேஷன் அரிசி. அதற்கு ஒரு வாடை உண்டு. அம்மா சபைக்கு எடுத்து வைத்ததை மட்டும் மூன்று தண்ணீரில் கழுவி, முறத்தில் உலர்த்தி, மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுப்பாள்.

அந்த வருடம் அப்பா மண்டியில் மூட்டையோடு விழுந்தார். இடுப்பில் அடி. ஏழெட்டு மாதம் படுக்கையில் இருந்தார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். சனிக்கிழமை மத்தியானம் பாஸ்டரம்மா அப்பாவுக்காக ஜெபிக்க வருவார். வரும்போது கையில் ஒரு பை கனக்கும். போகும்போது அதே பை மடித்துக் கக்கத்தில் இருக்கும். அவருக்குத் தெரிந்த கடையில் அம்மாவுக்காக அரிசி வாங்கி வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா விழுந்த பிறகு எங்கள் வீட்டு அரிசி அழகாகிவிட்டது என்பதுதான். வெள்ளை, பழுப்பு, சிவப்பு, நீளம், குண்டு எல்லாம் இருக்கும். நானும் தங்கச்சியும் முறத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்து விளையாடுவோம். நாங்கள் கொஞ்சம் வசதியாகிவிட்டோம் என்றே நம்பினேன். அந்த அரிசியிலும் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். பையை டின்னுக்குள் விட்டுத்தான் கவிழ்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். சிந்தாமல் இருக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் டின்னைச் சுற்றி நின்றார்கள். வரும்போது கூட்டமாக இருந்ததால் நான் பையைக் கவிழ்க்காமல் கையிலேயே வைத்திருந்தேன். மாயவரத்து அத்தை தன் அரிசியைப் போட்டுவிட்டு, "எங்க பொன்னில மருந்துக்குக்கூட ஒரு கல்லு கெடைக்காது" என்றார். அவர் மகன் என் வயதுக்காரன். அவன் என் பையைப் பார்த்து, "ஒங்க வீட்ல ரேஷன் அரிசிதானடா? பையத் தொறந்தாலே நாறும்னு எங்கம்மா சொன்னாங்க" என்றான்.

வீட்டுக்கு வெளியே வாய் திறக்காத எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. "எங்க வீட்ல எல்லா அரிசியும் இருக்கு! பச்சரிசி, புழுங்கலரிசி, செவப்பரிசி, ஒங்க பொன்னிகூட இருக்கு! எல்லாம் ஒரே சட்டில வேகும். ஒங்க வீட்ல ஒண்ணே ஒண்ணுதான்!" என்று கத்தினேன். அவன் நம்பவில்லை. அதனால் கீழே கிடந்த செய்தித்தாளில் பையைக் கொட்டிக் காட்டினேன்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மாயவரத்து அத்தை செய்தித்தாளைப் பார்த்தார், டின்னுக்குள் பார்த்தார். "அட, இது டின்னு அரிசியில்ல?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அது சின்ன அறை.

அம்மா வந்து செய்தித்தாளை நாலு மூலையும் சேர்த்து எடுத்தாள். அந்த அரிசியை டின்னில் போடுவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று தெரியாமல் நின்றாள். பிறகு அதை அப்படியே சன்னலில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டில் எனக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. அம்மா அப்பாவிடம், "ஊர்லதான் அவங்க மாதிரி நெலக்காரங்க களத்து மேட்டுல நின்னு கை நீட்டுனோம். இங்க வந்துமா?" என்றாள்.

"நாம எங்க கை நீட்டுனோம்? பாஸ்டரம்மா அவங்களாத்தானே கொண்டாந்தாங்க."

"பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இனிமே நான் அந்தப் படி ஏற மாட்டேன்."

சனிக்கிழமை பாஸ்டரம்மா வந்தார். அம்மா பையை வாங்கவில்லை. "வேற யாருக்காச்சும் குடுங்கம்மா" என்றாள். பாஸ்டரம்மா வற்புறுத்தாமல் ஜெபித்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்று, "பையன அடிச்சியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா."

"அடிக்காத. அவன் பொய் ஒண்ணும் சொல்லலயே."

மறுநாள் நாங்கள் சபைக்குப் போகவில்லை. மறுபடி ரேஷன் அரிசிக் கஞ்சிதான் கிடைத்தது. அதுவும் அளவாக. நான் கத்தியதற்கு இது தண்டனை, நல்ல அரிசியை அம்மா எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எண்ணி, அவள் இல்லாத நேரம் பானைகளைத் திறந்து திறந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை மீன்காரப் பெரியம்மா காலிக் கூடையோடு வந்து எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்னாடி, ஒம் புள்ள கடைய விரிச்சுப்புட்டான்னு கதவ சாத்திக்கிட்டியா?" என்றார்.

அம்மா குனிந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு ஒலையில எத்தன ஊரு அரிசி கொதிக்குது தெரியுமா? நான் வெக்கப்பட்டனா?"

"அது நீங்க மீன் குடுத்து வாங்குனதுக்கா. இது சும்மா வந்தது."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் சின்னப் பிள்ளை, பரவாயில்லை என்று முடிவு செய்தவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன ஐப்பசி மழைல நாலு வாரம் நான் கூடை எடுக்கல. அந்தப் பை எங்க வீட்டுக்கும் வந்துச்சு. பாஸ்டரம்மாவுக்குத் தெரியும். இப்ப ஒனக்குத் தெரியும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மா உடனே பேச்சை மாற்றினார். "இந்த வாரம் அரிசிய யாருக்கும் குடுக்கலயாம். வர்ற ஞாயித்துக்கெழம மொத்தமாப் பொங்கி, எல்லாரும் அங்கயே சாப்புடணுமாம். பாஸ்டரம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"யாருக்கா பொங்குறது?"

"மாயவரத்தாதான். வேற யாரு பொங்குனா அது வாயில வக்கும்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து அன்றுதான் சிரித்தாள். ஆனாலும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தலைசீவி எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மாடிப்படி ஏறவில்லை. சைக்கிள் கடையின் பின்பக்கம் கல் அடுப்பு மூட்டியிருந்தார்கள். அங்கே சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். மாயவரத்து அத்தை அண்டாவுக்கு முன்னால் நின்றார். சாம்பார் தயாராக இருந்தது. தையல் இலைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே கடைசிப் பாட்டுக் கேட்டது.

அத்தைக்கு ஒரே அரிசியைப் பொங்கித்தான் பழக்கம். கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். இன்னொரு பருக்கையை எடுத்துக் கடித்தார். பச்சரிசி குழைந்துவிட்டது, புழுங்கலரிசி உள்ளே அரிசியாகவே இருந்தது. இன்னும் எரித்தால் பாதி கூழாகிவிடும். இறக்கினால் பாதி வேகாது. நாற்பது பேருக்குச் சோறு. மீன்காரப் பெரியம்மா எட்டிப் பார்த்து, "சோறா, சுவத்துக்குப் பூசவா?" என்றார். அத்தை திட்டக்கூட இல்லை. முகமெல்லாம் வியர்த்துச் சுற்றிப் பார்த்தார். சுவர் ஓரத்தில் அம்மா தெரிந்தாள்.

"ஏம்மா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இந்த அரிசிய நீங்க வீட்ல எப்பிடிங்க பொங்குவீங்க?" என்று கேட்டார்.

அங்கே ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியும், அதனால் சொல்ல வாய் எடுத்தேன். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள். அப்புறம் என்னை விட்டுவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

"மொதல்ல வெறகை வெளிய இழுங்க. கஞ்சி வடிக்க வேணாம். வெந்நி இருக்கா? அத சுத்திலும் தெளிங்க. ஈரச் சாக்கப் போட்டுத் தட்டால மூடி, தட்டு மேல தணலு அள்ளி வைங்க. கிண்டக் கூடாது, கொழஞ்சிரும். கால் மணி நேரம் பேசாம விட்டாப் புழுங்கலு தானா ஆவியில வெந்துரும்."

ஆறேழு மாதம் பொங்கிப் பழகிய கை. அத்தையே குனிந்து விறகை இழுத்தார்.

அன்று தொடங்கிய பந்தி இன்றும் மாதத்தின் முதல் ஞாயிறு நடக்கிறது. சபை இப்போது பெரிய கட்டடத்துக்கு வந்துவிட்டது. அப்பா எழுந்து மண்டிக்குப் போன பிறகும், கை நடுங்கும் வயது வரையிலும் அந்த அண்டாவுக்கு அம்மாதான். அவள் சொல்லாமல் யாரும் மூடியைத் திறக்க மாட்டார்கள்.

முதல் பந்தியைச் சந்திலேயே, இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டி உட்காரவைத்துப் போட்டார்கள். அம்மா சோறு போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரே பெருமை. நான் கத்தியதைக் கேட்டுத்தான் எல்லாரும் எங்கள் வீட்டு அரிசியைச் சாப்பிட ஆசைப்பட்டுவிட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரிசையில் ஒவ்வொருவரிடமும் போய், "இது எங்க வீட்டு அரிசி" என்றேன். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை.

மாயவரத்து அத்தை கடைசியாக வந்து வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா அவர் இலையில் ஒரு கரண்டி போட்டுவிட்டு நிற்காமல் நகர்ந்துவிட்டாள். அத்தை சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூஜா பக்கத்தில் இருந்தது. எதிர் வரிசையில் மீன்காரப் பெரியம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். அவ்வளவு நேரம் ஏன் பார்க்கிறார்கள், சோறு ஆறிவிடாதா என்று எனக்குத் தோன்றியது. பிறகு அத்தை பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். இலை காலியானதும் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒங்கம்மாவ இன்னுங் கொஞ்சம் போடச் சொல்லுப்பா" என்றார்.

பாவம், அவர்கள் வீட்டில் ஒரே ஒரு அரிசிதான் என்று எனக்கு இரக்கமாக இருந்தது. ஓடிப்போய் அம்மாவிடம், அத்தைக்கு நிறையப் போடச் சொன்னேன்.

12 ஜனவரி 2025, ஞாயிறு