காய் பொறுக்க வந்த சைனம்புப் பெரியம்மா

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் தெருப் பெண்கள் இத்தனை வருடமாக வாய் திறந்து சொல்லாத ஒன்றை நான் எழுதப் போகிறேன். இது அப்பா கையில் கிடைத்தால் என்னைவிட அம்மாவுக்குத்தான் அடி விழும். அறிவியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். நான் தவளைப் படம் வரைகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பஜாரில் ஒரு வியாபாரி இறந்தால் சுவர் முழுக்கப் படம் போட்டு ஒட்டுகிறார்கள். சைனம்புப் பெரியம்மாவுக்கு யாரும் ஒட்டவில்லை. அதனால் எழுதுகிறேன்.

செய்தி வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. அம்மா அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருப் பேச்சியம்மாள் அக்கா, ஏலக்காய் பரப்பிப் பொறுக்கும் முறமான சொளகை வெறுமையாகக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். ஏன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. "சைனம்பு அக்கா போயிட்டாக," என்றார். "தொழுகைக்கு எந்திரிச்சவுக அப்படியே சாஞ்சுட்டாக." அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தார். சீவி முடித்து, சீப்பைச் செருகி வைத்துவிட்டு, ஜீப் சாவியை எடுத்துக்கொண்டார். எஸ்டேட்டுக்குப் போனால் மூன்று நாள் கழித்துத்தான் மலையை விட்டு இறங்குவார். வாசல்படியில் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"திங்கக்கெழம வருவேன். இனிமே எவ வந்து உக்கார்றான்னு பாக்கிறேன்."

இன்று திங்கட்கிழமை.

பெரியம்மாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உத்தமபாளையத்தில் பிறந்து, கல்யாணமாகிப் போடிக்கு வந்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது, குள்ளமான உருவம். எழுதப் படிக்கத் தெரியாது. எடைச் சீட்டை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொல்வார். வெற்றிலை போடுவார். உட்கார்ந்தபடியே குறட்டை விடுவார், அப்போதும் கை மட்டும் காய் பொறுக்கும் என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். அவருடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. ஏன் என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். "அவுக வீட்டுக்காரர் உசிரோட இருந்தப்ப," என்று தொடங்கியவள் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு ஏலக்காய் பொறுக்குவதுதான் பிழைப்பு. கடையிலிருந்து மூட்டையை எடைபோட்டுத் தருவார்கள். அதைச் சொளகில் கொட்டி, காம்பு கிள்ளி, பச்சைக் காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று பிரித்து மறுநாள் திருப்பித் தர வேண்டும். காய் முதலாளியுடையது. ஒரு பிடி குறைந்தாலும் கேள்வி வரும். கெட்ட பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மட்டுமல்ல, ஆணுக்கும் பஜாரில் வேலை கிடைக்காது.

நான் எழுத வந்த அந்த விஷயம் தொடங்கியபோது நான் கைக்குழந்தை. பேச்சியம்மாள் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு மழைநாளில் பெரியம்மாவின் வீடு ஒழுகியிருக்கிறது. காய் நனைந்தால் கறுத்துவிடும் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த அக்காவின் வீட்டுக்குள் போய்ப் பரப்பிவிட்டார். அக்காவின் கணவர் வழக்கம்போலக் குடித்துவிட்டு, விறகுக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். தரை முழுக்கச் சொளகு. கட்டையை ஓங்கியவர் கீழே பார்த்தார். பிறகு விரல் நுனியில் நடந்து, சுவரோரமாகப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

பெரியம்மா அன்று சொன்னதை அக்கா அப்படியே எனக்குச் சொன்னார். "பொண்டாட்டி மண்டைய ஒடைச்சாக் கேக்க நாதியில்ல. மொதலாளி காய மிதிச்சா நாளைக்குச் சோறு இல்ல. அம்புட்டுப் போதையிலயும் அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாத்தியா ஆத்தா?"

மறுநாள் மழை இல்லை. பெரியம்மா அதே வீட்டுக்கு மறுபடி போனார், கூட இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு.

அதன்பிறகு எந்த வீட்டில் அடிச் சத்தம் கேட்டாலும் அடுத்த நாள் பொழுது சாயும்போது அந்த வாசலில் மூட்டையோடும் சொளகோடும் பெண்கள் நிற்பார்கள். "எங்க வீட்டுல எடம் பத்தல. இங்கன உக்காந்து பொறுக்கிக்கிறோம்." அவ்வளவுதான் சொல்வார்கள். அடியைப் பற்றி ஒரு சொல் பேச மாட்டார்கள். கத்தரிக்காய் விலை பேசுவார்கள், பேன் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். அந்த ஆண் தூங்கும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். மறுநாளும் வருவார்கள். காரணத்தை ஏன் சொல்வதில்லை என்று நான் கேட்டபோது பெரியம்மா, "சொல்லிட்டா சண்டை போடுவான். சொல்லலேன்னா என்னத்தச் சொல்லி வெரட்டுவான்?" என்றார்.

தவறும் நடந்திருக்கிறது. ஒரு வீட்டில் தினமும் பெண் அலறும் சத்தம் கேட்கிறது என்று மூன்று நாள் போய் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டுக்காரர் பயந்து நடுங்கி மூன்று நாளும் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். கடைசியில் பார்த்தால் அலறியது டிவி தொடரில் வரும் மருமகள். பெரியம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வீட்டு அக்காதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இன்னும் ரெண்டு நாளு இருங்க. இந்த மனுசன் அடுப்படிப் பக்கம் வந்ததே இப்பத்தான்."

எல்லா வீட்டிலும் இது பலிக்கவில்லை. கோம்பையிலிருந்து வாழ வந்த ஒரு பெண்ணின் கணவன் சொளகையும் மதிக்கவில்லை, முதலாளியையும் மதிக்கவில்லை. இரண்டாம் நாளே பெரியம்மா எழுந்துவிட்டார். "இது உக்கார்ற வீடு இல்ல. கெளம்புற வீடு," என்றார். விடியற்காலை முதல் பஸ்ஸில் அந்தப் பெண்ணையும் இரண்டு குழந்தைகளையும் தேனிக்குக் கூட்டிப் போய், பெண்களுக்கு உதவும் அலுவலகத்தின் வாசலில் அது திறக்கும்வரை காத்திருந்து, தங்க இடம் கிடைத்த பிறகுதான் திரும்பினார். அங்கிருந்த மேடம் எங்கள் தெருவுக்கே ஒருநாள் வந்தார். உங்கள் சங்கத்தின் பெயர் என்ன என்று பெரியம்மாவிடம் கேட்டார். "பேரெல்லாம் இல்லம்மா. காய் பொறுக்குற பொம்பளைக," என்றார் பெரியம்மா. மேடம் பேனாவை மூடிவிட்டுச் சற்று நேரம் தானும் உட்கார்ந்து காம்பு கிள்ளினார். கிள்ளத் தெரியவில்லை.

இனி எங்கள் வீட்டைப் பற்றி எழுத வேண்டும்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் அம்மாவின் உதடு கிழிந்து இரண்டு தையல் போட்டார்கள். குழாயடியில் வழுக்கி விழுந்ததாக எல்லோரிடமும் சொல்லச் சொன்னாள். நானும் சொன்னேன். அன்று சாயங்காலம் கடைக்குப் போகும் வழியில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். உதட்டைப் பற்றிக் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "ஏ புள்ள, ஒங்க வீட்டுல எத்தன பேரு உக்காரலாம்?" என்றார்.

எங்கள் வீடு ஒரே அறை. மூன்று பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். "ஏழு பேர்," என்றேன்.

ஏழு பேரோடு வந்தார்.

அப்பா இருட்டிய பிறகு வந்து வாசலில் நின்றார். அவர் ஓட்டுவது அதே முதலாளியின் ஜீப். மூட்டையில் மையால் எழுதியிருந்த முதலாளி பெயரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். இது வீடா சத்திரமா என்று கத்தினார். பெரியம்மா தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். "ஒங்க வீடுதான் தம்பி. ஒங்க வீட்டுல இருந்தா மொதலாளி காய் பத்திரமா இருக்கும்னுதான் வந்தோம். காலப் பாத்து வைங்க."

எட்டு நாள் வந்தார்கள். ஒன்பதாம் நாள் அப்பா நிறையக் குடித்திருந்தார். உள்ளே வந்ததும் முதல் சொளகை உதைத்தார். காய் சுவரில் அடித்துத் தெறித்தது. கட்டிலுக்குக் கீழே, தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், என் புத்தகப்பைக்குள் எல்லாம் ஏலக்காய். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். இனி எல்லோரையும் அடிப்பார் என்று நினைத்தேன். ஒருவரும் அலறவில்லை. ஒருவரும் எழுந்து ஓடவில்லை. பெரியம்மா அருகே கிடந்த ஒரு காயை எடுத்து ஊதிச் சொளகில் போட்டார். பிறகு இன்னொன்று. மற்ற பெண்களும் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள். அந்த அறையில் காய் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"தம்பி, நீங்களும் ஒக்காந்து பொறுக்குங்க," என்றார் பெரியம்மா. கோபமே இல்லாத குரல், சாப்பிடக் கூப்பிடுவது போல. "விடிஞ்சா எடை போடணும்."

அப்பா நின்றார். நான் நூறு எண்ணியிருப்பேன். பிறகு மண்டியிட்டார். என் அப்பா, மலைப்பாதை வளைவுகளில் எதிரே வரும் லாரிக்கும் வழிவிடாதவர், கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு ஒவ்வொரு காயாகத் தேடி எடுத்துப் பெரியம்மாவின் சொளகில் போட்டார். இந்தக் குள்ளமான பெரியம்மாவால் இது எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பள்ளியில் பெரிய ராணிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொளகுதான் ஞாபகம் வருகிறது.

அதன்பிறகு இரண்டு வருடம் அம்மாவின் உடம்பில் புதுக்காயம் இல்லை. அந்த வருடம் வீரபாண்டித் திருவிழாவுக்கு அப்பாவே எங்களைக் கூட்டிப் போனார். அவர் மாறிவிட்டார் என்று நான் எழுதவில்லை. கையை அடக்கி வைத்திருந்தார். பெரியம்மா வாரம் ஒருநாள் மூட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பெரியம்மாவின் மையத்தை அடக்கம் செய்யத் தூக்கிச் சென்ற பிறகு பெண்கள் எல்லோரும் பெரியம்மாவின் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அப்பா சொல்லிவிட்டுப் போனதை அம்மா மெல்லச் சொன்னாள். பேச்சியம்மாள் அக்காதான் கடைசியில் பேசினார். "அவுக மொகத்துக்குப் பயந்தானுக. நம்ம மொகத்துக்கு யாரு பயப்படுவா?" அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். மூன்று நாளாக எங்கள் தெருவில் யாரும் கடையிலிருந்து பொறுக்கக் காய் வாங்கி வரவில்லை. சொளகுச் சத்தம் இல்லாத தெரு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது பெரியம்மாவின் சொளகு சுவரில் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்தேன். அதன் பின்னலில் ஒரு காய் சிக்கியிருந்தது. நல்ல பச்சைக் காய், காம்பு கிள்ளியது. அதை எடுத்து வந்து என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன். இப்போது பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறேன்.

பெரியம்மா, உங்கள் வழக்கத்தில் விடைகொடுக்க என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் போன இடத்தில் யாரும் யாரையும் அடிக்காமல் இருக்கட்டும். அங்கே நீங்கள் சும்மா உட்காருங்கள். எங்கள் வீட்டில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்க இனி யாரும் இல்லை. கேட்டால் இப்போதும் ஏழு என்றுதான் சொல்வேன்.

அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று வைத்தாள். ஜீப் சத்தம் இன்னும் கேட்கவில்லை. நோட்டை ஒளித்து வைக்க

கதவு தட்டும் சத்தம்.

அப்பா கதவைத் தட்ட மாட்டார். உதைத்துத்தான் திறப்பார்.

வெளியே ஏதோ கனமாக இறக்கி வைக்கிறார்கள். சொளகோடு சொளகு உரசுகிறது. ஏழு பேருக்கு மேல் இருப்பார்கள் போலிருக்கிறது. பேச்சியம்மாள் அக்காவின் குரல் நடுங்குகிறது, ஆனாலும் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார்.

"எங்க வீட்டுல எடம் பத்தல ஆத்தா. கதவத் தொறங்க."

அம்மா எழுந்திருக்க முடியாமல் என்னைப் பார்க்கிறாள். நான் போய்க் கதவை