ஒட்டும் இல்லை, உறவும் இல்லை

மலாயாவில், ரெங்கம் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தபோது எனக்கு எட்டு வயது. அந்த வருஷம் அம்மாவும் அவள் தம்பியான என் மாமாவும் ஒரு மிளகாய்ப் பாத்தியால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் அம்மா மிளகாய் போட்டிருந்தாள். அதை ஒட்டியே மாமா புகையிலை போட்டிருந்தார். மழை விட்டதும் இரண்டிலும் இலைகள் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருண்டன.

"உன் மிளகாய்லேருந்துதான் தொத்திக்கிச்சு. எல்லாத்தையும் பிடுங்கிப் போடுக்கா" என்றார் மாமா.

"உன் புகையிலை வந்த பிறகுதான்டா என் செடியே கெட்டுச்சு" என்றாள் அம்மா.

தனி ஆளான மாமா மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய மீன் குழம்பை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அப்பாவுக்கு முயல் பார்க்கும் வேலை. செடி நோய்களை ஆராய வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் பங்களாவில் முயல்கள் வைத்திருந்தார். நோய் பிடித்த புகையிலைச் சாற்றை முயலுக்கு ஊசியில் ஏற்றுவார். சில வாரம் கழித்து அதன் காது நரம்பில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரை மட்டும் பிரித்து வைப்பார். அதே நோயுள்ள சாற்றை அதில் விட்டால் வெள்ளையாகக் கலங்கும். வேறு நோய் என்றால் கலங்காது. "ஒறவா இல்லியான்னு முயல் சொல்லிரும்" என்பார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இருவரையும் இலைகளோடு கூட்டிப்போனார். பாதையின் ஆளுக்கொரு ஓரமாக அவர்கள் நடக்க, நான் நடுவில் ஓடினேன். துரை இலைகளைத் தனித்தனியாக அரைத்து வடிகட்டி, விரல் நீளக் கண்ணாடிக் குழாய்களில் முயல் ரத்தத்தில் பிரித்த அந்த நீரோடு கலந்து, வெந்நீரில் நிறுத்தினார். காத்திருந்த நேரமெல்லாம் நான் கூண்டருகே நின்று, "நல்லபடியாச் சொல்லு" என்று ஒரு வெள்ளை முயலைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மாமாவின் குழாய் கஞ்சித் தண்ணீராகக் கலங்கியது. அம்மாவுடையது தெளிவாகவே இருந்தது.

துரை மலாயில் சொன்னதைக் கேட்டு அப்பா கத்தினார்: "ரெண்டும் வேற வேற நோயாம்! ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!"

மாமா தலையைச் சொறிந்தார். "இன்னிக்கி என்ன குழம்புக்கா?"

அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

"அப்ப என் செடிக்கு எங்கேருந்து வந்துச்சாம்? கேளுங்க மச்சான்" என்றார் மாமா.

துரை மாமாவின் விரலிடுக்கில் இருந்த சுருட்டைப் பார்த்தார். "தாங்கான்" என்றார். தாங்கான் என்றால் கை. அந்த மலாய் எனக்கே தெரியும். அப்பா இருமிவிட்டு, "காத்துல வந்திருக்குமாம்" என்றார்.

ஒரு பாராட்டை அப்பா சொல்லாமல் விட்டுவிட்டாரே என்று எனக்கு ஆதங்கம். முன்னால் ஓடி, துரையே மாமாவின் கைராசியைச் சொன்னார் என்று லயம் முழுக்கப் பரப்பினேன். தீபாவளி முடிந்ததும் கத்தரி நாற்று நடவும் தக்காளி நடவும் வீட்டுக்கு வீடு மாமாவைக் கூப்பிட்டார்கள். அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

காய்ந்த சுருட்டு இலையிலும் அந்த நோய் தங்கியிருக்கும், விரல் பட்டுச் செடிக்குத் தொற்றும் என்பதெல்லாம் நான் பெரியவளாகித் தெரிந்துகொண்டது. அன்று, ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் அப்பா சவுக்காரக் கட்டியும் வாளித் தண்ணீருமாக முந்திப்போய் நின்று, மாமாவின் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டபோது, இவ்வளவு ராசியான கைக்கு அப்பா மரியாதை செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.