ஞானகுமாரியின் குரல்வளை

ஞானகுமாரிக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த மேதை நான்தான், வேதமுத்து. வாரம் முழுக்கப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். சனிக்கிழமை சாயங்காலம் ஆவடியில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்குத் தலைவர். மேற்கத்திய சங்கீதத்தில் இரண்டு கிரேடு தேறியிருந்தேன், ஒரு புத்தகமும் வைத்திருந்தேன். திமிருக்கு அது போதாதா?

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள். பட்டாபிராம் வீட்டுக்குப் போகிற வழியில் ஆவடியில் இறங்கிப் பயிற்சிக்கு வருவாள். 1986 கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிக்குரல் அவளுடையது. அந்த ஒரு பாட்டுக்காக வருஷம் முழுக்கக் காத்திருந்தவள்.

மேல் ஸ்தாயியில் குரல்வளை ஏறினால் சத்தம் நெரிந்துவிடும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். பாடும்போது கழுத்தில் இரண்டு விரலை வைத்துக் குரல்வளை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோளைத் தூக்காமல், வயிறு விரிய மூச்சு எடுக்க வேண்டும். கொட்டாவி வரப்போவதுபோல் வாயைத் திறக்க வேண்டும். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே செய்தார்கள். அவள் ஒருத்திதான் தினமும் செய்தாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் அவள் குரல் கம்மியது.

"வேதமுத்தண்ணே, விரல வச்சா கோலி மாதிரி இன்னாவோ தட்டுது."

"அதான் குரல்வளை. நீ ஏத்திகினு பாடற. கீழ எறக்கு, தட்டாது."

"நடுவுல இல்லண்ணே, பக்கத்துல கீது."

"புக்கு நீ படிச்சியா, நான் படிச்சனா?"

அதோடு அவள் வாயை அடைத்துவிட்டேன். டாக்டரிடம் காட்டு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. புத்தகத்தில் இல்லாதது கழுத்தில் மட்டும் எப்படி இருக்கும் என்று நம்பிய முட்டாள் நான்.

டிசம்பரில் தனிக்குரலை அவளிடமிருந்து பிடுங்கி, புதிதாகச் சேர்ந்த வசந்தகுமாரிக்குக் கொடுத்தேன். குழுவில் இருபது பேர் முன்னால் ஞானகுமாரியைக் காட்டி, "இவ சோம்பேறி. ஊட்ல ஒண்ணும் பண்றதில்ல" என்றேன். அதற்குப் பிறகும் அவள் ஒன்றரை வருஷம், வேலைக்குப் போகும் முன் எழுந்து உட்கார்ந்து, விரலை அந்தக் கட்டியின் மேலேயே வைத்துக்கொண்டு பயிற்சி செய்திருக்கிறாள்.

சோறு விழுங்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தைராய்டில் புற்று. கட்டியோடு குரல் நரம்பையும் எடுக்க வேண்டியதாயிற்று. கோலி அளவு இருந்தபோதே வந்திருந்தால் குரல் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பார்க்கப் போயிருந்த என்னை அவளுடைய கூடப்பிறந்தவன் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்.

கட்டிலில் இருந்தபடி பேசப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. பேப்பர் வாங்கி எழுதினாள்: "நான் சோம்பேறி இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்கண்ணே."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். சனிக்கிழமை குழுவின் முன்னால் போய் நின்றேன். அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஞானகுமாரிக்காக ஜெபம் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டை ஆரம்பித்தேன்.