நாலு மணிப் பேருந்தில் படித்தவர்கள்

கல்லூரி வாசல் பேருந்து நிறுத்தத்தில், ஒரு மாணவியின் விரிசல் விட்ட கைபேசித் திரையை எங்கள் நூலகர் மேடம் குனிந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. திரையில் இருந்தது, மழைநீர் தேங்கிய வயலில் நெற்பயிர் தாக்குப்பிடிப்பது பற்றிய ஆய்வுக் கட்டுரை. யாரும் படிக்கவில்லை என்று மறுவாரம் நாங்கள் சந்தாவை நிறுத்தவிருந்த மின்னிதழில் வந்தது அது.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அப்போது நான் உதவி நூலகர். எத்தனை பேர் எந்த இதழைத் திறந்தார்கள் என்று மாதாமாதம் வரும் அறிக்கையைப் பார்த்து முதல்வர் முகம் சுளித்திருந்தார். "ஆளே திறக்காததுக்கு எதுக்குங்க சந்தா?" என்று மேடத்திடம் கேட்டார். மேடம் சண்டை போட்டு வாங்கிய இதழ்கள் அவை.

"இது எப்படிம்மா உனக்குக் கிடைச்சுது?" என்று நிறுத்தத்தில் அந்தப் பெண்ணைக் கேட்டார் மேடம்.

"குரூப்புல வந்துச்சு மேடம். ஹாஸ்டல் அக்கா ஒருத்தவங்க எடுத்து எல்லாருக்கும் போட்டுவிடுவாங்க."

கல்லூரி இணைய இணைப்புக்கு வெளியே இதழ் திறக்காது. நாலு மணிப் பேருந்தை விட்டால் மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். அதனால் ஒருத்தி திறக்க, வகுப்பே பேருந்தில் படித்தது. டீக்கடைப் பேப்பர் மாதிரிதான். அறிக்கையில் ஏறியதோ அந்த ஒருத்தி மட்டும்.

எனக்கு வந்ததே கோபம்! "இதழையே நிறுத்தப்போறாங்க, உங்களுக்கு வாட்ஸப் கேக்குதா?" என்று பாய்ந்தேன். மேடம் என் கையைப் பிடித்து அமர்த்தினார். நாகூர்க்காரர், கோபமே வராதவர் என்று சொல்ல மாட்டேன், அதை யாரிடம் காட்டக் கூடாது என்று தெரிந்தவர். "பிள்ளைங்க மேல என்னம்மா தப்பு? கதவைப் பூட்டி வச்சது நாமதானே?" என்றார்.

முதல்வரிடம் ஒரு பருவம் அவகாசம் கேட்டு வாங்கினார். வெளியிலிருந்தும் திறக்கும் வசதி அந்தச் சந்தாவிலேயே இருந்தது, நாங்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை, அவ்வளவுதான். சாயங்காலமானால் மடிக்கணினியோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு. பாதிப் பேர் அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிட, ஓடிபி எல்லாம் வரப்பில் கழற்றி வைத்த சட்டைப்பைக்குள் போய் விழுந்தது. சளைக்காமல் அந்த அப்பாக்களுக்கும் போன் போட்டார். ஹாஸ்டல் பெண்ணிடம், "கட்டுரைய அனுப்பாதம்மா, லிங்க்கை மட்டும் அனுப்பு. அவங்கவங்களே திறக்கட்டும்" என்று கெஞ்சினார். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

இன்று அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஏதாவது ஓர் இதழை நிறுத்தச் சொல்லி அறிக்கை வந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்தப் பருவத்தின் கடைசிக் கூட்டம் ஞாபகம் வந்துவிடும். புது அறிக்கையைப் பார்த்த முதல்வர், "திடீர்னு எப்படிங்க இத்தனை பேர் படிக்க ஆரம்பிச்சாங்க?" என்று வியந்தார்.

"யாரும் புதுசா ஆரம்பிக்கலைங்க சார்," என்றார் மேடம். "படிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நமக்குத்தான் தெரியலை."