எண்ணெய் வைக்காத தலை

சென்னைக்குப் போகிற அன்று நான் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. முதல் நாளே ஷாம்பு போட்டு அலசிக் காயவைத்திருந்தேன். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னால் வந்தாள்.

"இன்னாடி இது, பரட்டையாவா போவ? ரெண்டு சொட்டு வெச்சிக்கினு போ."

வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அரசு வேலைக்கான தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகிறேன். எண்ணெய் வழியப் போய் நிற்க முடியாது.

அம்மாவும் கூடக் கிளம்பினாள். பேருந்து புதுச்சேரியிலிருந்தே நிரம்பி வந்தது. "உள்ள போம்மா, உள்ள போ. கல்பாக்கத்துல பாதி வண்டி காலியாயிடும்" என்றார் நடத்துநர்.

"அதுக்குள்ள நாங்க காலியாயிடுவோம் போலருக்குதே" என்றாள் அம்மா. நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. தேர்வு எழுதிய அன்று அப்படி இல்லை. கட்டைவிரலை வைத்ததுமே கருவி ரேகையை எடுத்துக்கொண்டது. ரேஷன் கடையிலும் அப்படித்தான். உப்பளத்தில் இறங்குகிறவர்களுக்கு ரேகை தேய்ந்துவிடும். அப்பாவுக்குப் பத்து விரலும் எடுக்காது. அம்மா விரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைத்தால் எப்போதாவது எடுக்கும். அதனால் அரிசி வாங்க என்னைத்தான் அனுப்புவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

தேர்வு முடிந்த மாதம் அம்மா வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எங்கள் பக்கம் உப்பு வார ஜோடியாகத்தான் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். ஒரு ஆள் குறைந்தால் அந்த இடத்துக்கு வேறு ஜோடி வந்துவிடும். அம்மாவின் இடத்தில் அப்பாவோடு நான் இறங்கினேன். இரண்டு மாதம் பலகை பிடித்து வாரினேன், கூடை சுமந்தேன். முதல் வாரம் கை எரிந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை. போன வாரம் ரேஷன் கடைக் கருவி என் விரலையும் எடுக்கவில்லை. தேர்வன்று பதிந்த ரேகையோடு ஒத்துப்போனால்தான் உள்ளே அனுமதி என்று அழைப்புக் கடிதத்தில் இருந்தது.

கல்பாக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. அம்மா என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். நான் இழுத்துக்கொண்டேன்.

"அங்க எடுக்கலன்னா தலையில தேச்சிட்டு வைடி."

"அது ரேஷன் கடை இல்லம்மா."

"மெஷின் மெஷின்தானே."

மாமல்லபுரம், கோவளம் எல்லாம் போயின. சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள், வண்டி நின்று நின்று போனது. பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒன்றுமே இல்லை. திருவான்மியூரில் இறங்கி இன்னொரு பேருந்து பிடித்தோம்.

அலுவலக வாசலிலேயே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். உள்ளே கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு.

"துடைச்சிட்டு வைங்க" என்றார் மேசையிலிருந்தவர். துடைத்து வைத்தேன். சிவப்பு. வரிசை முழுவதும் பார்க்க, விரலைத் தலையில் தேய்த்தேன். முடி காய்ந்து கிடந்தது. மறுபடியும் சிவப்பு.

"ஓரமா நில்லும்மா. கடைசில ஒரு தடவ பாக்கலாம். அப்பவும் வரலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே நடந்தேன். அம்மா சுவரோரம் குந்தியிருந்தாள். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். தலையைக் குனிந்து காட்டினாள். நான் குனிந்து பத்து விரலையும் அவள் கொண்டைக்கு மேல் அழுத்தித் தேய்த்தேன். காலையில் எனக்காக எடுத்த எண்ணெயைத் தன் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். காவலாளி பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசி ஆளாகக் கட்டைவிரலை வைத்தேன். மூன்றாவது தடவையில் பச்சை வந்தது. "போங்க" என்றார். போனேன். சான்றிதழ்களைக் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்து வாங்கினார்கள்.

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். கல்பாக்கம் தாண்டியும் வரவில்லை. அம்மாவின் தலை கலைந்தபடியே இருந்தது.

"தலையில தேய்க்கறப்போ யாராச்சும் பாத்தாங்களா?" என்றாள் மெதுவாக.

"எல்லாரும்தான் பாத்தாங்க."

ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் தெரிய ஆரம்பித்தன.

"நாளைக்கு அரிசி போடறாங்களாம். யாரு போயி வெரலு வெக்கறது?"

"ரெண்டு பேரும் போவோம்" என்றேன்.