எழுதியவர் பெயர்

திருவண்ணாமலை பேருந்து நிலையம். வேலூர் வண்டிக்குப் பதினெட்டு நிமிடம் இருக்கிறது. என் பைகள் மூன்று. நான்கு முறை எண்ணிவிட்டேன்.

பக்கத்தில் அடி அண்ணாமலை கிராமத்து அம்மாள் ஒருவர். கலெக்டரிடம் மனு கொடுக்க வேலூர் போகிறாராம்; திருவண்ணாமலை இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை. "கொஞ்சம் படிச்சுக் காட்டுங்கய்யா" என்று மனுவை நீட்டுகிறார். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் எழுதியது.

படிக்கிறேன். 'என் மகனை எட்டு மாதமாகக் காணவில்லை. கண்டுபிடித்துத் தர வேண்டுகிறேன்.'

"காணாம போறதுக்கு அவன் இன்னா ஆடா? போலீசு ஜீப்புல ஏத்தினு போச்சுங்க. இட்டுனு போனவங்கதானே பதில் சொல்லணும்?"

"அவர்கிட்ட இதைச் சொல்லலையா?"

"சொன்னேங்க. கீழ எழுதினவர் பேரு போடணும், எனக்கு எதுக்கு வம்புன்னுட்டாரு."

கைநாட்டு வைக்கும் மனுவில் எழுதியவர் பெயரும் இருக்க வேண்டும் என்பது உண்மைதான்.

பன்னிரண்டு நிமிடம் மிச்சம். பையை மடியில் வைத்துப் புதிதாக எழுதுகிறேன். பிடித்துக்கொண்டு போன நாள், மணி, ஜீப்பில் வந்த நான்கு பேர், பார்த்த ஒன்பது பேரின் பெயர்கள். அம்மாள் தடுமாறாமல் சொல்கிறார். 'அரசாங்கத்தின் காவலர்கள் கொண்டுபோன என் மகனை அரசாங்கமே என் முன் நிறுத்த வேண்டும்' என்று முடிக்கிறேன். பேனா மையைக் கட்டைவிரலில் தடவி அழுத்துகிறார்.

அதற்குக் கீழே என் பேனா நின்றுவிடுகிறது. ஓய்வூதியம், வீட்டில் இரண்டு பேத்திகள், எல்லாம் நினைவுக்கு வருகின்றன. பிறகு பெயரையும் கதவு எண் உட்பட முகவரியையும் எழுதி, இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

வண்டி வந்துவிட்டது. அம்மாள் என் பைகளில் ஒன்றைத் தூக்கிக்கொள்கிறார்.

"இதை யாரு எழுதினதுன்னு அங்க கேட்டா?"

"வெளிய நிக்கிறாருன்னு சொல்லுங்கம்மா."